கணவர் பெயர் தொலைந்தால் மனைவி பெயரில் தேடு! தெரியுமா?

கிட்டத்தட்ட 400 ஆண்டுகளுக்கு முன் கப்பலேறி வந்த ஒரு தச்சரின் வம்சத்தை, மகன் வழியில் மட்டுமல்ல, மகள் வழியிலும் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிச் சொல்லி இன்றுவரை கொண்டுவர முடியுமா? கனடாவின் கியூபெக்கில் முடியும்!

1634-இல் பிரான்ஸின் பெர்ஷ் பகுதியிலிருந்து வந்த சக்கரி க்ளூத்தியேவுக்கு எழுதத் தெரியாது. கையெழுத்துப் போடச் சொன்னால் ஒரு கோடரியை வரைந்து வைப்பார்! 1800-க்குள் மணமுடித்த அவருடைய சந்ததியினர் மட்டுமே 10,000-க்கு மேல். பாடகிகள் செலின் டியோன், மடோனா இருவரும் அந்தக் கொடியில் வந்தவர்களே.

எல்லாம் சர்ச் பதிவேடுகளின் மகிமை. ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் பங்குக் குருக்கள் விடாமல் எழுதினார்கள். 1640-இல் கியூபெக் தேவாலயம் எரிந்து ஏடுகள் சாம்பலானபோது, ஊராரின் நினைவிலிருந்தே அவற்றைத் திரும்ப எழுதினார்கள் என்றால் பாருங்கள்! 1679 முதல் ஒவ்வொரு பதிவுக்கும் இரண்டு பிரதிகள். ஒன்று சர்ச்சில், மற்றொன்று நீதிமன்றத்தில்.

அந்த ஏடுகளில் என்னை அசரவைப்பது பெண்களின் பெயர். பிறந்தபோது என்ன குடும்பப் பெயரோ, கல்யாணத்திலும் அதே, கல்லறையிலும் அதே! திருமணப் பதிவில் மணமக்கள் இருவரின் பெற்றோர் பெயரும் இருக்கும், தாயின் பிறந்த வீட்டுப் பெயரோடு. ஒரு திருமணப் பதிவு கையில் சிக்கினால் ஒரே எட்டில் ஒரு தலைமுறை மேலே போய்விடலாம். 1663 முதல் 1673 வரை பிரான்ஸின் பதினான்காம் லூயி மன்னர், குடியேறிகளை மணக்கத் தம் செலவில் அனுப்பிவைத்த 'அரசரின் மகள்கள்' ஏறத்தாழ 800 பேர். அவர்களில் எத்தனையோ பேர் இன்று பெயரோடு கொண்டாடப்படுவது இந்த வழக்கத்தால்தான். 1981 முதல் இதுவே கியூபெக்கின் சட்டமும்கூட. கல்யாணமானாலும் பெண் பிறந்த பெயரிலேயே தொடர வேண்டும்!

ஆண்கள் பெயர்தான் ஆளைச் சுற்றவைக்கும். 1665-இல் வந்திறங்கிய பிரெஞ்சுக் கரிஞான்-சலியேர் படைப்பிரிவின் சுமார் 1,200 வீரர்களில் 400 பேர் அங்கேயே தங்கிவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு பட்டாளப் பெயர். பூ என்று ஒருவர், கவலையற்றவர் என்று இன்னொருவர், மலையை வெட்டுபவர் என்று வேறொருவர்! குடும்பப் பெயருக்குப் பின்னால் 'டி' என்று போட்டு அதை ஒட்டினார்கள். நம் ஊரில் 'என்கிற' போடுவோமே, அதே கணக்கு. பேரன்கள் காலத்தில் ஒரு கிளை ஊதோன், இன்னொரு கிளை பொலியூ. இரண்டும் ஒரே 'ஊதோன் டி பொலியூ' குடும்பம்!

போதாக்குறைக்கு, 19-ஆம் நூற்றாண்டில் ஒரே வீட்டுப் பையன்கள் எல்லாருக்கும் முதல் பெயர் ஜோசப், பெண்கள் எல்லாருக்கும் மரி. ஞானப்பெற்றோர் பெயர் நடுவில். கூப்பிடும் பெயர் கடைசியில்தான் வரும். ஒரு குழந்தை இறந்துவிட்டால் அடுத்த குழந்தைக்கு அதே பெயரை வைப்பதும் உண்டு. அந்த இரண்டு பதிவுகளையும் அடுத்தடுத்துப் படித்தால் மனம் கனத்துவிடும். பிறகு ஆலை வேலை தேடி அமெரிக்காவுக்குப் போனவர்களில் புவாவேர் 'கிரீன்வுட்' ஆனார், ருவா 'கிங்' ஆனார்!

1763 பாரிஸ் உடன்படிக்கையில் கனடா பிரான்ஸிடமிருந்து பிரிட்டன் கைக்குப் போனது. புதுச்சேரியைப் பிரெஞ்சுக்காரருக்குத் திருப்பித் தந்ததும் அதே உடன்படிக்கைதான், தெரியுமா? அதன்பின் பிரான்ஸிலிருந்து கனடாவுக்குக் குடியேற்றம் ஏறக்குறைய நின்றுபோனது. அதனால்தான் இன்றைய குடும்பங்கள் பலவும் அதற்கு முன் வந்த சில ஆயிரம் பேரிடமே போய்ச் சேர்கின்றன.

அப்படிக் கியூபெக்கிலிருந்து அமெரிக்கா போன குடும்பத்தில் பிறந்த எழுத்தாளர் ஜாக் கெருவாக் கதை தெரியுமா? மூதாதையைத் தேடி 1965-இல் பிரான்ஸ் போனார், கிடைக்கவில்லை. 1969-இல் இறந்தும் போனார். பல ஆண்டுகள் கழித்துத்தான் முடிச்சு அவிழ்ந்தது. அந்த மூதாதை பிரான்ஸின் பிரித்தானி பகுதியின் உயெல்குவா ஊரைச் சேர்ந்த நோட்டரியின் மகன். உண்மைப் பெயர் உர்பேன்-பிரான்சுவா லு பியான். கனடாவில் பெயரை மாற்றி மாற்றிச் சொல்லி வாழ்ந்திருக்கிறார்! 1732-இல் அவரை மணந்த லூயிஸ் பெர்னியேயின் பெயர் மட்டும் அன்றிலிருந்து ஏட்டில் அப்படியே இருந்தது.