மரவள்ளி ரொட்டி: மில்லுக்கு ஒரு ரகம், வாய்க்கு ஒரு ரகம்

மூன்று வருடத்துக்கு முன்பு எங்கள் தென்னந்தோப்பில், வெயில் நன்றாக விழுகிற பக்கமாகப் பார்த்து நாலு வரிசை மரவள்ளி நட்டேன். கூடலூர்ப் பக்கம் தோப்பு. குச்சி விற்றவர், "நல்லா விளையும் சார், யோசிக்காம நடுங்க" என்றார். விளைந்தது உண்மைதான். பத்தாம் மாதம் முதல் செடியைப் பிடுங்கி, ஆசையாக ரொட்டி தட்டினோம். வாயில் வைத்ததும் ஒரே கசப்பு. பேரன் துப்பிவிட்டான். மாட்டுக்கும் வைக்கப் பயந்து, மொத்தத்தையும் குழி வெட்டிப் புதைத்தோம்.

பக்கத்துத் தோப்பில் வேலை பார்க்கும் அக்கா ஒருவர், சின்ன வயதில் வண்டன்மேட்டு ஏலத்தோட்டத்தில் இருந்தவர். கிழங்கைக் கிள்ளிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "பேங்க்ல கடன் குடுக்கையில நூறு கேள்வி கேட்டிருப்பீங்க. குச்சி வாங்கையில, இது திங்கிறதா மில்லுக்குப் போறதான்னு ஒரு கேள்வி கேக்கலையே சார்!"

நியாயமான கேள்வி. நான் நட்டது எச் 226. திருவனந்தபுரம் ஸ்ரீகார்யத்தில் 1963இல் தொடங்கப்பட்ட மத்தியக் கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனம் 1971இல் வெளியிட்ட ரகம். சேலம், நாமக்கல் ஜவ்வரிசி மில்களை நம்பிப் பயிர் செய்கிறவர்களுக்கு ஏற்றது. அங்கே கிழங்குக்கு விலையே மாவுச்சத்து எத்தனை 'பாயிண்ட்' என்று பார்த்துத்தான். ருசியை யாரும் கேட்பதில்லை. வீட்டுச் சமையலுக்கு எம் 4 என்ற ரகம். மலேசியாவிலிருந்து வந்தது. வேகவைத்தால் பூப்போல வெடிக்கும்.

கசப்புக்குக் காரணம் லினமரின் என்ற பொருள். கிழங்கு வெட்டுப்பட்டு, நசுங்கும்போது அது சிதைந்து சயனைடு வெளிப்படுகிறது. தோலில்தான் அதிகம். இலையிலும் உண்டு, மரவள்ளி இலை மேய்ந்த ஆடு செத்த கதை அந்தப் பயிர் உள்ள ஊர்களில் எல்லாம் கேட்கலாம். பயமுறுத்தச் சொல்லவில்லை. தோல் சீவி, நறுக்கி, வேகவைத்து, தண்ணீரைக் கொட்டிவிட்டால் நல்ல ரகத்தில் பயமில்லை. கசந்தால் மட்டும் 'பரவாயில்லை' என்று விழுங்காதீர்கள்.

நம் பள்ளத்தாக்குக்கு இந்தக் கிழங்கு புதிதல்ல. திருவிதாங்கூரில் 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா இதைப் பரப்பினார். 1942இல் பர்மா ஜப்பான் கைக்குப் போய் அரிசி வரத்து நின்றபோது, மலைக்கு அந்தப் பக்கம் எத்தனையோ வீடுகளில் கப்பைதான் உலை ஏறியது. குமுளி, கம்பம்மெட்டு வழியாகத் தோட்ட வேலைக்குப் போய்வந்த நம் சனங்கள் அந்தக் கைப்பக்குவத்தையும் காந்தாரி மிளகாயையும் சேர்த்தே கீழே கொண்டுவந்தார்கள். இங்கே பாதிப் பேர் இன்னும் கப்பக்கிழங்கு என்றுதான் சொல்கிறோம்.

கிழங்கை ரொட்டியாக்குவது நம் ஊர்ச் சங்கதி மட்டுமில்லை. நார்வேயில் உருளைக்கிழங்கை வேகவைத்து மசித்து, ஆறவைத்து, கொஞ்சம் மாவு சேர்த்துத் தேய்த்துச் சுடும் ரொட்டிக்கு லெஃப்சே என்று பெயர். கியூபா, ஹைட்டி பக்கம் மரவள்ளியைத் துருவிப் பிழிந்து கல்லில் சுடும் கசாபே ரொட்டியை 2024இல் யுனெஸ்கோ மரபுப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. நாம் என்னடா என்றால் சாயங்காலமானால் மைதா பரோட்டாவுக்கு வரிசையில் நிற்கிறோம். (நானும் நின்றவன்தான்.)

அக்கா சொல்லிக்கொடுத்து, என் வீட்டம்மா திருத்திய முறை இது. தோல் சீவிய கிழங்கு 1 கிலோ. வெளித்தோல் மட்டுமல்ல, உள்ளே தடிப்பாக இருக்கும் தோலும் போக வேண்டும். சின்னத் துண்டாக நறுக்கி, நடு நரம்பை எடுத்துவிட்டு, நிறையத் தண்ணீரில் மூடி போடாமல் வேகவிடுங்கள். குக்கர் வேண்டாம். பாதி வெந்ததும் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, வேறு சுடுதண்ணீரும் உப்பும் சேர்த்து, கிழங்கு வெடிக்கும்வரை வேகவையுங்கள். வடித்த பிறகு வெறும் பாத்திரத்தில் இரண்டு நிமிடம் சிறுதீயில் புரட்டினால் ஈரம் போகும். சூட்டோடு மத்தால் கட்டியில்லாமல் மசித்து, தாம்பாளத்தில் பரப்பி, நன்றாக ஆறவிடுங்கள்.

ஆறவிடுவதில்தான் எல்லாரும் அவசரப்படுகிறோம். சூடாகப் பிசைந்தால் மாவு உள்ளே போய்க்கொண்டே இருக்கும், ரொட்டி ரப்பராகிவிடும். ஆறினால் கால் கிலோ கேப்பை மாவு போதும். ஈரம் அதிகமானால் ஒரு கைப்பிடி கூட. நல்லெண்ணெய் இரண்டு கரண்டி விட்டுப் பிசைந்து, பெரிய எலுமிச்சை அளவு உருட்டி, இரண்டு வாழையிலைத் துண்டுக்கு நடுவில் வைத்துக் கையால் மெல்லிசாகத் தட்டுங்கள். மேல் இலையை உரித்துவிட்டு, கீழ் இலையோடு தூக்கிக் கல்லில் கவிழ்த்தால் கிழியாது. கேப்பை வேக வேண்டும், அதனால் நிதானத் தீ. ஓரம் எழும்பியதும் திருப்புங்கள். சுட்ட ரொட்டிகளைப் பழைய வேட்டித்துணியில் சுற்றி வைத்தால் சாயங்காலம்வரை மெத்தென்று இருக்கும். நார்வேக்காரர்களும் துணியில்தான் சுற்றுகிறார்களாம்! பதினான்கு ரொட்டி வரும்.

இந்தக் கிழங்கில் புரதம் சொற்பம். நிலக்கடலைத் துவையலோ மொச்சைக் குழம்போ கட்டாயம் வேண்டும். சர்க்கரை உள்ளவர்கள் ஒன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். என் வீட்டில் எனக்கு எண்ணித்தான் வைக்கிறார்கள்.

அந்தக் கசப்புக் கிழங்கை வியாபாரி ஒருவர் எடுத்துக்கொண்டார். பிடுங்கிய கூலியும் வேன் வாடகையும் போக, குச்சி வாங்கிய காசுகூடத் திரும்பவில்லை. பிடுங்கினால் இரண்டு மூன்று நாளில் கிழங்கு கறுத்துவிடும் என்பதால் பேரம் பேசவும் வழியில்லை. இப்போது தோப்பில் நாற்பது செடி, எல்லாம் எம் 4. நடும் முன் அக்கா வந்து குச்சியைப் பார்த்துவிட்டுத்தான் போனார். வாரம் ஒரு செடி பிடுங்குகிறோம், மற்றவை மண்ணிலேயே இருக்கின்றன.