காலைப் பிடிப்பது எப்படி?

தலைப்பைப் பார்த்ததும் 'ஆஹா, இன்கிரிமென்ட் சமயத்தில் உபயோகப்படுமே' என்று நிமிர்ந்து உட்கார்ந்திருந்தீர்களானால், மன்னிக்கவும். இது மேனேஜரின் காலைப் பற்றிய கட்டுரை அல்ல. கபடியில் பாடி வருகிறவனின் காலைப் பற்றியது. அதை நான் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான் பிடித்திருக்கிறேன். ஞாபகார்த்தமாக, மேல்வரிசையில் ஒரு பல் செராமிக்.

அது 2004. 'கில்லி' வந்த வருஷம். பாதிப் பையன்கள் தொடையைத் தட்டிக்கொண்டு திரிந்தோம். பி.டி. பீரியடில் மாஸ்டர் (பெயர் வேண்டாம், பாவம்) எங்களை ஏழு ஏழாகப் பிரித்து, சுண்ணாம்பில் கோடு போட்டு, "ம்... ஆடுங்கடா!" என்று சொல்லிவிட்டு வேப்பமர நிழலுக்குப் போய்விட்டார். மொத்த கோச்சிங்கும் அவ்வளவுதான். எதிர் டீமிலிருந்து ஒரு தடியன் பாடி வந்தான். நான் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, தலையை முன்னால் நீட்டிப் பாய்ந்தேன். காலுக்கு நடுவில் முழங்கால் என்று ஒன்று இருக்கிறது என்பது பாய்ந்த பிறகுதான் தெரிந்தது. டெபிட் எது, கிரெடிட் எது என்று சொல்லித்தராமல் லெட்ஜரைக் கையில் கொடுத்தால் என்ன ஆகும் என்று பிற்பாடு பி.காம். படித்தபோது புரிந்தது.

விஷயத்துக்கு வருகிறேன். அக்கா மயிலாப்பூரில் இருக்கிறாள். அவள் பையன் ஒன்பதாவது. புரோ கபடியில் எவன் ரைட் கார்னர், எவன் லெஃப்ட் கார்னர் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வான். ஜியாமெட்ரியில் கார்னர் கேட்டால்தான் முழிப்பான்.

மூன்று மாதம் முன்பு ஒரு சாயங்காலம் நெற்றியில் எலுமிச்சம்பழ சைஸ் வீக்கத்தோடு வீட்டுக்கு வந்தான். "சூப்பர் டேக்கிள் மாமா!" என்றான். (மூன்று பேரோ அதற்குக் குறைவாகவோ நின்று பாடி வந்தவனைப் பிடித்துவிட்டால் இரண்டு பாயின்ட். அதற்குத்தான் இந்தப் பெருமை.) ராத்திரி இரண்டு தடவை வாந்தி. ஆட்டோ பிடித்து ஓடினோம். ஸ்கேனில் ஒன்றுமில்லை. "ஆனா மூளை குலுங்கியிருக்கு. நான் சொல்றவரைக்கும் விளையாட்டு கிடையாது" என்றார் டாக்டர். "அடிபட்டதும் என்னடா பண்ணாங்க?" என்று அவனைக் கேட்டார்.

"முகத்துல தண்ணி அடிச்சாங்க சார். அப்புறம் இன்னும் ரெண்டு ரெய்டு போனேன்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். தலையில் அடிபட்டு, கிறுகிறுப்போ குழப்பமோ தலைவலியோ இருந்தால் அன்றைக்கு ஆட்டம் முடிந்தது, அது உலகக் கோப்பை ஃபைனலாக இருந்தாலும் சரி என்றார். முதல் அடி ஆறுவதற்குள் இரண்டாவது அடி விழுந்தால்தான் விபரீதமாம். மயக்கம் போட்டு விழுந்தால்தான் அடி என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோமே, அது சுத்தத் தப்பு.

"இனிமே கபடின்னு வாயைத் திறந்தே... பார்த்துக்கோ" என்று அக்கா தீர்ப்பு சொல்லிவிட்டாள். வாயைத் திறக்காமல் கபடி எப்படி என்று கேட்க நினைத்தேன். அவள் முகத்தைப் பார்த்து விழுங்கிவிட்டேன்.

பையன் கலாட்டா பண்ணவில்லை. அதுதான் பயமாக இருந்தது. சாப்பிட்டான், படித்தான், டி.வி. பக்கம் திரும்பவில்லை. ஒரு மாதம் பார்த்துவிட்டு அக்காவே போன் பண்ணினாள். "நீதான் ஊரெல்லாம் சுத்தி எழுதறியே. ஒழுங்கா சொல்லிக்கொடுக்கிற ஆள் யாராவது இருக்காங்களான்னு பாரு. இல்லேன்னா செஸ் கிளாஸ்ல சேர்த்துடறேன்."

அப்படித்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு, மந்தைவெளிப் பக்கம் ஒரு மண் மைதானத்தில் நான் கொட்டாவி விட்டுக்கொண்டு நின்றேன். மாஸ்டருக்கு ஐம்பது வயசு இருக்கும். தஞ்சாவூர்ப் பக்கம். சம்பளத்துக்கு வேறு வேலை, கபடிக்கு ஞாயிற்றுக்கிழமை. இருபது பையன்கள், நாலைந்து பெண்கள். கண்ணகி நகர் கார்த்திகா 2025-ல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வாங்கி வந்ததிலிருந்து பெண்கள் நிறைய கேட்டு வருகிறார்களாம்.

ஆச்சரியம் என்னவென்றால், யாரும் யாரையும் பிடிக்கவில்லை. எல்லோரும் விழுந்துகொண்டிருந்தார்கள். தாடையை மார்போடு ஒட்டவைத்து, கையை ஊன்றாமல், தோளில் உருண்டு எழுந்திருக்க வேண்டும். மறுபடி விழ வேண்டும்.

"புதுசா வர்ற பசங்களுக்கு மொத ரெண்டு வாரம் பட்டினப்பாக்கம் மணல்ல இதான் சார் வேலை" என்றார் மாஸ்டர். "கையை ஊனினா மணிக்கட்டு போச்சு. விழத் தெரியாதவனுக்குப் பிடிக்கச் சொல்லித் தர மாட்டேன்."

"எத்தனை பேர் நின்னுப்பாங்க?"

"பாதிப் பேர் ஓடிடுவாங்க. சூப்பர் டேக்கிள் பண்ண வந்தவன் உருளச் சொன்னா நிப்பானா?"

அப்புறம் பிடி. கணுக்கால் பிடியை என்னை வைத்தே காட்டினார். (தொப்பையோடு பாடி வருகிற ஆள் அவருக்கு அன்றைக்குத்தான் கிடைத்தான் போலிருக்கிறது.) கார்னரில் நிற்பவன் அரைக்குந்தலாக நிற்கிறான். பாடி வருகிறவனின் முகத்தைப் பார்க்கக் கூடாது, முகம் பொய் சொல்லும். கையையும் பார்க்கக் கூடாது. இடுப்பைப் பார்க்க வேண்டும். இடுப்பு போகாத இடத்துக்கு ஆள் போக முடியாது. கால் நீளும்வரை பொறுமை. நீண்ட கால் திரும்புவதற்குள், பாயாமல், ஓரடி எடுத்து வைத்துக் கிட்டே போக வேண்டும். ஒரு கை குதிகாலுக்கு மேலே, இன்னொரு கை முன்பக்கம். பிடித்த காலைத் தரையோடு அமுக்காமல் தன் மார்புக்குத் தூக்கிக்கொள்ள வேண்டும். ஒற்றைக் காலில் நிற்கிற பீமனும் அரை பீமன்தான்.

"இப்ப என் தலை எங்க இருக்கு, பாருங்க" என்றார்.

என் தொடைக்கு வெளிப்பக்கம் இருந்தது. நிமிர்ந்து, கண் திறந்து. நான் முழங்காலை எப்படி உதறினாலும் அதற்கு எட்டவில்லை.

தொடைப் பிடி என்றால் தோள் தொடையில் அழுந்த வேண்டும், தலை அவன் இடுப்புக்குப் பின்னால் போய்விட வேண்டும். எகிறித் தள்ளுகிற 'டாஷ்' என்றால் தோளும் மார்பும்தான், தலைக்கு அங்கே வேலையே இல்லை. கைகோத்து செயின் போடும்போது விரலுக்குள் விரல் கோக்க விடுவதில்லை, மணிக்கட்டைப் பிடிக்கச் சொல்கிறார். கத்தரிக்கோல் மாதிரி காலைப் போட்டு மடக்குவது, வாயைப் பொத்திப் பாட்டை நிறுத்துவது எல்லாம் ரூல்படியே ஃபவுல். இதையெல்லாம்விட அவர் அதிகம் கத்தியது சப்போர்ட்டுக்கு வருகிறவர்களைப் பார்த்துத்தான். ஒருத்தன் காலைப் பிடித்தபின் நாலு பேர் மூட்டை மாதிரி மேலே விழுகிறார்களே, அடியில் கிடப்பவன் அவர்கள் ஆள்தான் என்பது அந்த நேரத்தில் யாருக்கும் ஞாபகம் இருப்பதில்லை.

அமெரிக்காக்காரர்கள் இந்தத் தலை விவகாரத்தைப் பெரிய விலை கொடுத்துத்தான் கற்றுக்கொண்டார்கள். அவர்கள் ஃபுட்பாலில் நல்ல ஹெல்மெட் வந்ததும், பையன்கள் அந்த ஹெல்மெட்டாலேயே முட்ட ஆரம்பித்தார்கள். கழுத்தெலும்பு முறிந்து கைகால் விழுந்தவர்கள் பலர். 1976-ல் பள்ளி, கல்லூரி ஆட்டங்களில் தலையால் முட்டுவதைத் தடை பண்ணினார்கள். அதற்கப்புறம்தான் அந்தக் கேஸ்கள் மளமளவென்று இறங்கின. 2014-ல் சியாட்டில் டீமின் கோச் பீட் கேரல், ஹெல்மெட்டே போடாத ரக்பிக்காரர்களைப் பார்த்து, தோளால் பிடிப்பது எப்படி என்று வீடியோ எடுத்து எல்லோருக்கும் கொடுத்தார். அந்த ரக்பியிலேயே, இங்கிலாந்தில் 2023 முதல் உள்ளூர் ஆட்டங்களில் நெஞ்செலும்பின் அடிமுனைக்கு மேலே பிடிக்கக் கூடாது என்று சட்டம். நம் பையன்களுக்கு ஹெல்மெட்டும் கிடையாது, வீடியோவும் கிடையாது. டி.வி.யில் ஸ்லோமோஷன் மட்டும் உண்டு.

டீக்கடையில் சேரலாதன் பேச்சு வந்தது. தஞ்சாவூர் மாவட்டத்துக்காரர், ரைட் கார்னர். நாற்பதைத் தாண்டிய வயசில் 2016-ல் பாட்னா டீமுக்கு கேப்டனாக இருந்து கோப்பை வாங்கினார். "அந்த வயசுல எப்படி சார் ஆட முடியும்? தலையையும் கழுத்தையும் பத்திரமா வெச்சிருந்தாத்தான்" என்றார் மாஸ்டர். பிறகு டம்ளரைப் பார்த்துக்கொண்டே, "மணத்தி கணேசன், 1994 ஏஷியன் கேம்ஸ்னு படம்கூட எடுத்துட்டாங்க. சந்தோஷம். ஆனா படத்துல ரெய்டு போறவன்தான் ஹீரோ. பிடிக்கிறவனுக்கு யாரு சார் பாட்டு போடுவா?" என்றார்.

டாக்டர் சம்மதம் கொடுத்த பிறகு பையனைச் சேர்த்தேன். சேர்த்தது என்னவோ நான், ஒப்புக்கொண்டது அக்கா அல்ல. "ஒரு மாசம். அப்புறம் நானே வந்து பார்ப்பேன்" என்றாள். முதல் இரண்டு வாரம் பையன் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு மணலில் விழுந்தான். வீட்டுக்கு வந்து மெத்தையில் விழுந்தான். கட்டிலின் ஒரு கால் போனது.

போன ஞாயிறு அக்கா வந்தாள். உள்ளே வரவில்லை. காம்பவுண்டு சுவரோரம் ஸ்கூட்டரில் உட்கார்ந்தபடியே, ஹெல்மெட்டைக் கழற்றாமல் பார்த்தாள். பையன் லெஃப்ட் கார்னர். அவனைவிட ஒரு ஜாண் உயரமானவன் பாடி வந்தான். கால் நீண்டது. நம் ஆள் அசையவில்லை. எனக்கு, இருபது வருஷம் கழித்து, அந்தப் பல் கூசியது. இரண்டாம் தடவை கால் நீண்டபோது ஓரடி எடுத்து வைத்தான். அவ்வளவுதான். உயரக்காரன் ஒற்றைக் காலில் நொண்டினான், கவரில் நின்ற பெண் வந்து இடுப்பைச் சுற்றிப் பிடித்தாள், விசில்.

பையன் எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. வேண்டுமென்றுதான்.

அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "தலை வெளியிலதான் இருந்தது, இல்ல?" என்றாள்.

"ஆமாம்கா."

"நானும் பார்த்தேன்." ஸ்கூட்டரை ஸ்டார்ட் பண்ணினாள். "முட்டி ரெண்டும் தேய்ஞ்சு கிடக்கு. நீ-கேப் ஒரு ஜோடி என்ன விலைன்னு அந்த மாஸ்டரைக் கேட்டுட்டு வா."