வன்னிக்கு வந்த கொழுந்துக் கூடை

இந்தக் கூடையின் கயிற்றைக் கொஞ்சம் குனிந்து பாருங்கள். தலையில் பதியும் இடம் மட்டும் தேய்ந்து மினுங்குகிறது. தேயிலை மலையில் கொழுந்து சுமந்த கயிறு, வன்னியில் விறகும் மிளகாய்ப்பழமும் சுமந்தது.

1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1977 ஓகஸ்ட் வன்செயலில் தோட்டங்களிலிருந்து துரத்தப்பட்ட குடும்பங்கள் வவுனியா, முல்லைத்தீவு, கிளிநொச்சிக் காடுகளுக்கு வந்தன. மருத்துவர் இராஜசுந்தரமும் கட்டடக்கலைஞர் டேவிட்டும் நடத்திய காந்தீயம் அமைப்பு அவர்களுக்குக் குடியிருப்புகள் அமைத்தது. 1983 ஏப்ரலில் இருவரும் கைதானார்கள். ஜூலையில் வெலிக்கடைச் சிறையில் இராஜசுந்தரம் கொல்லப்பட்டார். அடுத்த ஆண்டு, இக்குடும்பங்கள் குடியேறியிருந்த கென்ற், டொலர் பண்ணைகளில் இருந்தவர்களும் விரட்டப்பட்டார்கள்.

அட்டை கடிக்கும் குளிரில் மலையேறிப் பழகிய பெண்கள், இங்கே பாலையும் வீரையும் நின்ற காட்டை வெட்டினார்கள். பிள்ளையை மரநிழலில் ஏணையில் போட்டுவிட்டு அடுத்தவர் வயலில் நாட்கூலிக்குக் களை பிடுங்கினார்கள். அவர்களைத் ‘தோட்டக்காட்டார்’ என்று இளக்காரமாக அழைத்தவர்கள் அந்நியர் அல்லர், தமிழர்களே. அந்த வெட்கத்தை மறைக்காமல் இங்கே எழுதிவைக்கிறோம்.

2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான் எஞ்சியிருந்தவர்களுக்கும் குடியுரிமை கிடைத்தது. காணி உறுதிக்காகப் பலர் அதன் பிறகும் காத்திருந்தார்கள்.

உங்கள் அம்மாயியோ அப்பாயியோ இப்படி வந்தவராக இருந்தால், அவர் நடந்த வழியை இன்றே கேட்டு எழுதிவையுங்கள்.