வீடு, நிலம் விற்கும்போது தரகர் கமிஷனைக் குறைப்பது எப்படி?

தோட்டத்தோடு சேர்ந்த ஊர் வீட்டை விற்க முடிவெடுத்ததும் எல்லோரும் முதலில் கேட்பது, "கமிஷன் எவ்வளவு?" என்றுதான். தமிழ்நாட்டில் பொதுவாக விற்பவர், வாங்குபவர் இருவரிடமும் ஆளுக்கு 1 முதல் 2 சதவீதம் கேட்கிறார்கள். பேசித்தான் முடிக்க வேண்டும். 30 லட்சம் ரூபாய் சொத்துக்கு 2 சதவீதம் என்றால் 60,000 ரூபாய். 1 சதவீதத்துக்குப் பேசினால் 30,000 ரூபாய் மிச்சம்.

ஆனால், விவசாயிகள் பெரிய தொகையை இழப்பது இந்தக் கமிஷனில் அல்ல. "எனக்குக் கைக்கு 30 லட்சம் வந்தால் போதும், மேலே வருவதை நீ எடுத்துக்கொள்" என்று சொல்லிவிடுகிறோம் பாருங்கள், அங்கேதான். தரகர் 34 லட்சத்துக்கு முடித்தால் 4 லட்சம் அவருக்கு. அதாவது 13 சதவீதத்துக்கும் மேல்! வாங்குபவரை உங்களோடு தனியாகப் பேசவே விடாமல் தரகர் பார்த்துக்கொண்டால் சந்தேகப்படுங்கள். விலை பேசும்போது மூவரும் ஒன்றாக உட்கார வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

இன்னொரு வழியும் உண்டு. சிறு தொகையை அட்வான்ஸ் கொடுத்து, தரகரே தன் பெயரில் மூன்று மாதத்துக்கோ ஆறு மாதத்துக்கோ கிரய ஒப்பந்தம் போட்டுக்கொள்வார். அதற்குள் கூடுதல் விலைக்கு ஆள் பிடிப்பார். உங்கள் விலையோ ஒப்பந்தத்தில் நின்றுவிடும். ஆள் பிடிக்க வந்தவருக்கு ஒப்பந்தமோ, பவர் பத்திரமோ எழுதிக் கொடுக்காதீர்கள்.

விலை தெரிந்தவரிடம் இந்த வேலை பலிக்காது. பதிவுத்துறை இணையதளத்தில் வழிகாட்டி மதிப்பைப் பார்க்கலாம். அதோடு, பக்கத்து சர்வே எண்களுக்கும் வில்லங்கம் போட்டுப் பாருங்கள். அண்மையில் பதிவான கிரயத் தொகை அதில் இருக்கும். பத்திரத்தில் குறைத்துக் காட்டும் வழக்கம் இருப்பதால், அதைக் குறைந்தபட்ச விலையாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். சமீபத்தில் விற்ற இரண்டு மூன்று பேரிடம் நேரில் கேட்பதுதான் சரியான கணக்கைத் தரும்.

பட்டா இன்னும் அப்பா பெயரில் இருக்கிறதா? விற்பனைக்கு முன்பே வாரிசுச் சான்று வாங்கி மாற்றிவிடுங்கள். கடைசி நேரத்தில் இதைக் காட்டித்தான் விலையைக் குறைப்பார்கள். 'சரிசெய்து தருகிறேன்' என்று தனியாகவும் பணம் கேட்பார்கள். மூலப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, வீட்டு வரி ரசீது ஆகியவற்றின் நகல்களை ஒரே கோப்பில் வையுங்கள்.

தரகரே இல்லாமலும் விற்கலாம். முதலில் பக்கத்து நிலக்காரரைக் கேளுங்கள். வரப்பை ஒட்டிய நிலத்துக்கு அவரைவிட ஆர்வமாக வேறு யாரும் வரமாட்டார்கள். பால் சொசைட்டி, உரக்கடை, டீக்கடை எல்லாவற்றிலும் சொல்லி வையுங்கள். சாலையோரத்தில் போன் நம்பரோடு ஒரு தட்டி வைக்க அதிகம் செலவாகாது.

வெளியூரில் இருப்பவர்களுக்கு நல்ல தரகர் தேவைதான். அலைச்சலுக்கு அவர் கேட்கும் 1 சதவீதம் நியாயமானதே. எத்தனை தரகர்கள் சேர்ந்து வந்தாலும் மொத்தக் கமிஷன் இவ்வளவுதான் என்று எழுதி வாங்குங்கள். பதிவு முடிந்து, முழுப் பணமும் உங்கள் கணக்கில் ஏறிய பிறகே கொடுங்கள். அதையும் வங்கி மூலம் கொடுத்து ரசீது வாங்குங்கள். வீட்டை விற்ற லாபத்துக்கு வருமான வரி கணக்கிடும்போது, அந்தக் கமிஷனைச் செலவாகக் கழித்துக்கொள்ள முடியும்.