கெர்னலின் மரண வாக்குமூலம்

2024 ஜூலை 19. இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸைப் பேனாவால் எழுதிக் கொடுத்தார்கள். கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பழுதான ஒரு கோப்பு, மைக்ரோசாஃப்ட்டின் கணக்குப்படி, 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்களை முடக்கியிருந்தது. துப்பு கிடைத்தது நீலத் திரையிலேயே: தகராறு செய்த டிரைவரின் பெயர் பல திரைகளில் தெரிந்தது.

சாதாரண புரோகிராம் விழுந்தால் புகார் எழுதி வைக்க கெர்னல் இருக்கிறது. நினைவகம், பிராசஸர், டிஸ்க் அனைத்தையும் ஆளும் கெர்னலே விழுந்தால்? தன் மரண வாக்குமூலத்தைத் தானே எழுதியாக வேண்டும்.

லினக்ஸில் இந்த எழுத்தர் வேலை 'பிரின்ட்கே' என்ற ஃபங்ஷனுடையது. ஆபத்தின் அளவுக்கேற்ப 0 முதல் 7 வரை தரம் பிரித்து எழுதும். (பிரின்டர் தீப்பற்றி எரிவதாகச் சொல்லும் செய்திகூட உண்டு, யாரும் பக்கெட்டோடு ஓட வேண்டியதில்லை.)

பிரச்சினை, வேகம். நொடிக்கு 1,15,200 பிட் அனுப்பும் சீரியல் இணைப்பில் 80 எழுத்து கொண்ட ஒரு வரி போய்ச் சேர சுமார் 7 மில்லிசெகண்ட் ஆகும். அதுவரை புகார் சொன்ன பிராசஸர் வேறு வேலை பார்க்காமல் காத்திருக்க வேண்டும். சில சமயம் அடுத்தவர் புகாரையும் அதுவே எழுத வேண்டிவரும். தொழிற்சாலை ரோபோவுக்கு இது யுகம். சரி, அப்புறம் எழுதலாம் என்று தள்ளிப்போட்டால், அதற்குள் கம்ப்யூட்டர் செத்து, காரணமும் கூடவே புதைந்துவிடும்.

நேரம் தவறாமல் இயங்கும் 'ரியல் டைம்' லினக்ஸ் சுமார் 20 ஆண்டுகள் வாசலிலேயே நின்றதற்குக் கடைசித் தடை இந்தச் சிக்கல்தான். 2020 டிசம்பரில் வந்த 5.10 பதிப்பில், ஜான் ஆக்னஸ் எழுதிய பூட்டில்லாத செய்திக் கிடங்கு சேர்ந்தது. எந்த பிராசஸரும் யாருக்கும் காத்திராமல் புகாரை அதில் போட்டுவிட்டுப் போகலாம். பிறகு, திரைக்கு அனுப்பத் தனி எழுத்தரை வைக்கவும், உயிர் போகும் கட்டத்தில் மட்டும் அவரைத் தள்ளிவிட்டு நேரடியாக எழுதவும் வழி செய்தார்கள்.

2024 செப்டம்பரில் வியன்னாவில், ரியல் டைம் இணைப்புக்கான கோரிக்கையைத் தங்க நிறத் தாளில் சுற்றி லினஸ் டோர்வால்ட்ஸ் கையில் கொடுத்தார் தாமஸ் கிளெய்க்ஸ்னர். நவம்பரில் வெளியான 6.12ல் இன்னொரு வசதியும் இருந்தது: இயக்கி வைத்திருந்தால், கெர்னல் விழும்போது வாக்குமூலம் க்யூஆர் கோடாகத் திரையில் வரும். செல்போனில் படமெடுத்துக்கொள்ளலாம்.