நேர்ப்பாதைப் பந்தயமும் வண்டிச் சோதனையும்

நின்ற இடத்திலிருந்து புறப்பட்டு, நேரான பாதையில், குறித்த தூரத்தை யார் முதலில் கடக்கிறார் என்று பார்க்கும் பந்தயத்திற்கு 'டிராக்' என்று பெயர். பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பகுதிகளில் மோட்டார் சைக்கிள் வைத்திருக்கும் இளைஞர் பலர் இச்சொல்லை அறிவர். கால் மைல், அதாவது 402 மீட்டர் என்பது இதன் பழைய அளவு. வளைவும் இல்லை, மேடு பள்ளமும் இல்லை. ஆகையால் இது எளிய விளையாட்டு என்று எண்ணுவோர் உண்டு. ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்த்தால் அந்த எண்ணம் மாறிவிடும்.

402 மீட்டரைப் பன்னிரண்டு விநாடியில் கடக்கும் வண்டி, முடிவுக் கோட்டைத் தாண்டும்போது மணிக்கு ஏறக்குறைய 180 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும். அதாவது விநாடிக்கு 50 மீட்டர். நல்ல பிரேக்கும் நல்ல தரையும் இருந்தால்கூட, அதை நிறுத்த இன்னும் சுமார் 180 மீட்டர் தேவை; கை பிரேக்கைப் பற்றுவதற்குள் கழியும் ஒரு விநாடிக்கு மேலும் 50 மீட்டரைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஓடும் தூரத்தைப் பற்றியே எல்லோரும் பேசுகிறார்கள். உயிரைக் காப்பதோ நிற்கும் தூரம்.

தமிழ் நாட்டில் மோட்டார் பந்தயத்திற்குப் பழைய வரலாறு உண்டு. 1953-இல் சென்னை மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் தோன்றியது. இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமானத் தளமான சோழவரத்தில் பல ஆண்டுகள் பந்தயங்கள் நடந்தன. 1990 முதல் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் அதற்கெனவே அமைந்த பாதை இருக்கிறது. தேசிய அளவிலான டிராக் போட்டிகளும் அங்கே நடந்திருக்கின்றன. அமெரிக்காவில் 1951-இல் இதற்கென ஒரு சங்கம் ஏற்பட்டதன் நோக்கமே, பொதுச் சாலைகளில் போட்டியிட்ட இளைஞரை அங்கிருந்து விலக்கித் தனிப் பாதைக்குக் கொண்டுவருவதுதான். 1954-இல் அச்சங்கம் நால்வரை ஊர் ஊராக அனுப்பி, பந்தயத்தை எவ்வாறு ஒழுங்காக நடத்துவது, வண்டிகளை எவ்வாறு சோதிப்பது என்று கற்பித்தது. விதிகளுட் பல, விபத்துகள் கற்றுக்கொடுத்தவை. 1970-ஆம் ஆண்டு மார்ச்சில் கலிபோர்னியாவில் டான் கார்லிட்ஸ் என்ற புகழ்பெற்ற வீரரின் வண்டியில் கியர்ப்பெட்டி வெடித்து, அவர் பாதத்தின் ஒரு பகுதியே போயிற்று. அடுத்த ஆண்டே அவர் எஞ்சினைத் தம் முதுகுக்குப் பின்னால் வைத்த வண்டியோடு வந்து வென்றார். பின்னர் மற்றவர்களும் அம்முறையையே கைக்கொண்டனர்.

இனி, சோதகர் முன்னே வண்டியை நிறுத்துமுன் வீட்டிலேயே பார்க்கவேண்டியவற்றைக் கவனிப்போம். முதலாவது ஆக்ஸிலேட்டர். முழுவதும் முறுக்கிக் கையை விட்டால் அது தானே 'பட்'டென்று திரும்பிவிட வேண்டும். எஞ்சினை ஓடவிட்டு, கைப்பிடியை இடப்புறமும் வலப்புறமும் கடைசிவரை திருப்பிப் பாருங்கள். எஞ்சினின் ஓசை உயருமானால் கேபிள் இழுபடுகிறது என்று பொருள். இடவப்பாதி மழையும் துலாமழையும் ஆண்டுக்கு இருமுறை நனைக்கும் நம் பக்கத்தில், பூவாறு போன்ற கடலோர ஊர்களின் உப்புக்காற்றும் சேர்ந்துகொண்டால், கேபிளின் உட்கம்பி துருவேறுவது வியப்பன்று. எண்ணெய் விட்டுச் சமாளிக்க வேண்டா. புதிய கேபிளின் விலை அற்பம்.

ஆக்ஸிலேட்டர் சிக்கிக்கொண்டாலும், ஓட்டுபவர் தவறி விழுந்தாலும் எஞ்சின் தானே நிற்கவேண்டும். அதற்காகவே மணிக்கட்டில் கட்டிய கயிற்றோடு இணைந்த சுவிட்சு ஒன்றைப் பல பந்தயங்களில் கேட்பார்கள். கயிறு இழுபட்டவுடன் மின்சாரம் அறுந்துபோகும்.

அடுத்தது சங்கிலி. புறப்படும் கணத்தில்தான் சங்கிலியின்மேல் மிகப் பெரிய இழுப்பு விழுகிறது. அறுந்த சங்கிலி சாட்டையைப் போல வீசி எஞ்சின் உறையை உடைக்கும், காலையும் முறிக்கும். ஆகவே காப்புத் தகடு இன்றியமையாதது. செயின் லாக்கில் உள்ள சிறு கிளிப்பின் மூடிய முனை, சங்கிலி ஓடும் திசையை நோக்கியே இருக்கவேண்டும். இதை மாற்றிப் போடுபவர் பலர்.

பிரேக் ஆயிலைப் பற்றிச் சிறிது விரிவாகச் சொல்லவேண்டும். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. ஈரம் ஏறிய ஆயில் பிரேக்கின் சூட்டில் எளிதில் கொதித்து ஆவியாகிறது. ஆவி அமுங்குமே ஒழிய, விசையைக் கொண்டு செல்லாது. பிடி கைக்குள் மெத்தென்று இறங்கும், வண்டியோ நில்லாது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவது பொது விதி. நம் ஊர் ஈரக்காற்றில் அதனைத் தள்ளிப்போடலாகாது.

டயரின் பக்கவாட்டில் நான்கு எண்கள் இருக்கும். முதல் இரண்டு வாரத்தையும் பின்னிரண்டு ஆண்டையும் குறிக்கும். பூ தேயாமல் இருந்தாலும் ரப்பர் முதுமையால் வெடித்த டயர் தகுதியற்றது. ஸ்போக்குக் கம்பிகளைச் சிறு ஸ்பானரால் தட்டுங்கள்; ஒன்று மட்டும் மந்தமாக ஒலித்தால் அது தளர்ந்துவிட்டது. பாட்டரி அசையாதபடி கட்டப்பட்டிருக்கவேண்டும். எண்ணெய்க் கசிவு சிறிதும் கூடாது. இது வண்டிக்காரரின் நலனுக்காக மட்டும் அன்று: பாதையில் விழும் ஒரு துளி, அடுத்து வருபவரைச் சாய்க்கும்.

தலைக்கவசம் வெறும் அலங்காரப் பொருள் அன்று. 1956-இல் பீட் ஸ்னெல் என்ற பந்தய வீரர் தலைக்காயத்தால் இறந்ததையடுத்து, 1957-இல் அவர் பெயரால் ஒரு நிறுவனம் தோன்றித் தலைக்கவசத்திற்கு அளவு வகுத்தது. ஒருமுறை பலமாக மோதிய கவசம் வெளியே பழுதின்றித் தோன்றினாலும் அதன் உட்பஞ்சு நசுங்கிப்போயிருக்கும். அதை மீண்டும் அணியலாகாது.

கழக்கூட்டத்திலிருந்து காரோடு வரை வரும் நான்குவழிப் புறவழிச்சாலை நேராக இருப்பதால் சிலருக்கு ஆசை எழலாம். அங்கே சோதகரும் இல்லை, நிற்கும் இடத்திற்குக் காவலும் இல்லை. குறுக்கே வருபவர் பால்காரராகவும் இருக்கலாம், பள்ளிப் பிள்ளையாகவும் இருக்கலாம். பொதுச் சாலையில் பந்தயம் ஓட்டுவோருக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-ஆம் பிரிவின்படி மூன்று மாதம் வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கும். மறுமுறை செய்தால் ஓராண்டும் 10,000 ரூபாயும் வரை செல்லும்.

களியக்காவிளையிலிருந்து சென்னை எழுநூறு கிலோமீட்டருக்கு மேல். வண்டியை ஓட்டிச் சென்றால் அதிர்ச்சியில் நட்டுகள் தளரும். இரயிலில் பார்சலாக அனுப்பினால் பெட்ரோலை முற்றும் வடித்துவிட வேண்டும்; ஏற்றி இறக்குகையில் பிரேக் பிடி வளைவதும் உண்டு. ஆகையால் சோதகரிடம் செல்வதற்கு முதல்நாளே போய்ச் சேர்ந்து, ஒவ்வொரு நட்டையும் மறுபடி ஸ்பானர் வைத்துப் பார்த்துவிடுவது நல்லது.