அமானிடா டிசைன்: பிரௌசரில் முளைத்த கலைக்கூடம்

அமானிடா டிசைன் செக் குடியரசைச் சேர்ந்த சிறிய கேம் நிறுவனம். யாகுப் த்வோர்ஸ்கி என்ற ஓவியர் 2003இல் இதைத் தொடங்கினார். பிராக் நகரின் கலை, கட்டடக்கலை, வடிவமைப்பு அகாடமியில் படிப்பை முடிக்கும் தறுவாயில், பட்டத்துக்காக அவர் செய்து கொடுத்த படைப்புதான் நிறுவனத்தின் முதல் கேம், பெயர் 'சமோரோஸ்ட்'. அதை விளையாட எதையும் வாங்க வேண்டாம், கணினியில் நிறுவவும் வேண்டாம். பிரௌசரில் பக்கத்தைத் திறந்தால் போதும், கேம் தொடங்கிவிடும்.

திறந்ததும் கண்ணில் படுவது விண்வெளியில் மிதக்கும் பாசி படிந்த மரக்கட்டை. அதுதான் கிரகம். அதன்மேல் வெள்ளை உடையும் குல்லாவும் போட்ட குள்ளன் ஒருவன் குடியிருக்கிறான். இன்னொரு கிரகம் தன் வீட்டின் மேல் மோத வருவதைப் பார்த்துவிட்டு அவனே கிளம்பிப் போய் அதைத் திசைதிருப்பப் பார்க்கிறான். கதை இவ்வளவுதான். புள்ளிகள் கிடையாது, 'லைஃப்' கிடையாது, ஓடும் கடிகாரமும் கிடையாது. படத்தில் எதைத் தொட்டால் என்ன நடக்கும் என்று மவுஸால் தட்டித் தட்டிப் பார்த்து, எது எதற்குப் பிறகு நடக்க வேண்டும் என்ற ஒழுங்கைக் கண்டுபிடிக்க வேண்டும். பழகியவர்கள் அரை மணி நேரத்துக்குள் முடித்துவிடுவார்கள்.

அது கேமா, அசைபடமா, ஓவியமா என்று அன்றைக்குப் பலருக்கும் குழப்பம் இருந்தது. மரப்பட்டை, வேர், பாசி, கல் ஆகியவற்றை மிக அருகில் வைத்து எடுத்த புகைப்படங்களை வெட்டி ஒட்டிப் பின்னணி செய்திருந்தார் த்வோர்ஸ்கி. அதன்மேல் நடமாடும் பாத்திரங்களோ கையால் வரைந்த கோட்டுருவங்கள். புகைப்படத்தின் சொரசொரப்பும் கோட்டுருவத்தின் குறும்பும் ஒரே சட்டத்துக்குள் இருந்ததால் அந்த உலகம் நிஜமாகவும் தெரிந்தது, பொம்மையாகவும் தெரிந்தது. வண்ணம் பளிச்சிட்ட அந்தக் கால இணைய விளையாட்டுகளுக்கு நடுவே இந்தப் பழுப்பும் பச்சையும் தனித்துத் தெரிந்ததில் வியப்பில்லை.

இதைச் சாத்தியமாக்கிய கருவி ஃப்ளாஷ். 1990களின் நடுவில் வந்த இந்த மென்பொருளை மாக்ரோமீடியா நிறுவனம் வளர்த்தெடுத்தது. 2005இல் அந்த நிறுவனமே அடோபியின் கைக்குப் போனது. புள்ளி புள்ளியாகச் சேமிக்கப்படும் புகைப்படத்துக்கு இடம் அதிகம் தேவை. ஃப்ளாஷ் படத்தைக் கோடுகளாகவும் வளைவுகளாகவும் கணக்கிட்டு வைத்துக்கொண்டது. 'இங்கிருந்து அங்கே இப்படி வளைந்து போ' என்ற குறிப்பு மட்டும் இருந்தால் போதும், படத்தைக் கணினியே வரைந்துகொள்ளும். அதனால் கோப்பு சிறியதாக இருக்கும். தொலைபேசிக் கம்பி வழியே ஊர்ந்து வந்த அன்றைய இணையத்திலும் அசைபடம் ஓடும். இதைவிட முக்கியமான வசதி இன்னொன்று உண்டு. வரைவது, அசைய வைப்பது, 'இதை கிளிக் செய்தால் அது நடக்கட்டும்' என்று கட்டளை எழுதுவது ஆகிய மூன்றும் ஒரே திரையில் நடந்தன. புரோகிராமரை நம்பி இருக்க வேண்டிய அவசியம் ஓவியருக்குக் குறைந்தது. அமெரிக்காவில் பாட்ரிக் ஸ்மித்தின் வெக்டர்பார்க், ஃபெர்ரி ஹலிமின் ஒரிசினல் என்று ஒற்றை ஆள் கலைக்கூடங்கள் அதே காலத்தில் கிளம்பியதற்கும் இதுவே காரணம்.

அமானிடாவின் கேம்களில் பேச்சு அநேகமாக இல்லை. பாத்திரங்கள் முனகும், சிரிக்கும், சலித்துக்கொள்ளும், வசனம் பேசாது. ஏதாவது சொல்லியாக வேண்டுமென்றால் தலைக்கு மேல் குமிழி ஒன்று எழும்பி, அதற்குள் சின்னச் சித்திரம் ஓடும். செக் நாட்டுக்கு இது புதிதல்ல. யிர்ஷி த்ர்ன்காவின் பொம்மைப் படங்களும், ஸ்டெனெக் மிலர் 1957இல் தொடங்கிய 'க்ர்தெக்' என்ற அகழெலிப் படங்களும் அங்கே தலைமுறைகளாகக் குழந்தைகள் பார்த்து வளர்ந்தவை. அகழெலிக்குச் சிரிப்பும் சிணுங்கலும் தவிரப் பேச்சு மிகக் குறைவு. அதனாலேயே நாடுவிட்டு நாடு எளிதாகப் போனது. ஒரு கோடியைச் சற்றுத் தாண்டும் மக்கள்தொகை கொண்ட நாட்டில், தாய்மொழியை மட்டும் நம்பிக் கேம் செய்தால் சந்தை போதாது. வசனத்தை விட்டதில் அழகும் இருந்தது, சிக்கனமும் இருந்தது: மொழிபெயர்ப்புச் செலவு மிச்சம்.

இலவசமாகக் கொடுத்த கேமை வைத்து எப்படிப் பிழைப்பது? தொடக்க ஆண்டுகளில் பிறருக்காகச் செய்த வேலைகள் கைகொடுத்தன. நைக்கி நிறுவனத்துக்கு 'ராக்கெட்மேன் விசி', பாலிஃபோனிக் ஸ்ப்ரீ என்ற அமெரிக்க இசைக்குழுவுக்கு 'தி க்வெஸ்ட் ஃபார் தி ரெஸ்ட்' என்று சின்னச் சின்ன இணைய விளையாட்டுகளை அமானிடா செய்து கொடுத்தது. இவற்றில் நின்று பார்க்க வேண்டியது 2008இல் பிபிசிக்காகச் செய்த 'க்வெஸ்டியனாட்'. பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம், கணக்கு, அறிவியல் கேள்விகள் கேட்க வேண்டும் என்பது பிபிசியின் தேவை. கேள்விப் பட்டியலுக்கு ஓரத்தில் ஒரு பொம்மையை வைத்துக் கொடுத்திருந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்கப் போவதில்லை. அமானிடா அப்படிச் செய்யவில்லை. நண்பனின் தொப்பி பறந்துவிட, அதைத் தேடிப் பலூனில் மேலே மேலே போகிறான் ஒருவன். ஒவ்வொரு தளமும் வானத்தில் மிதக்கும் ஒரு குட்டி உலகம். அங்கிருக்கும் விசித்திரமான ஆட்களையும் இயந்திரங்களையும் தட்டிப் பார்த்து வழி கண்டுபிடித்தால்தான் கேள்வியே வரும். விடை சரியாக இருந்தால் பலூனுக்கு எரிபொருள் சேரும். பாடப்புத்தகக் கேள்வியைக்கூடப் பிள்ளைகள் தேடிப் போய்ப் பெற வேண்டிய பொருளாக மாற்றியது அந்த வடிவமைப்பு. கல்வி கேம் என்ற பெயரில் இன்றைக்கும் வந்துகொண்டிருப்பவற்றில் பெரும்பாலானவை இந்த இடத்தில்தான் சறுக்குகின்றன.

சொந்தக் கேமை விற்கும் முயற்சி 2005 இறுதியில் வந்த 'சமோரோஸ்ட் 2'இல் தொடங்கியது. அனிமேஷனுக்கு வாத்ஸ்லாவ் ப்ளீனும், இசைக்கு ஃப்ளோயெக்ஸ் என்ற பெயரில் இசையமைக்கும் தோமாஷ் த்வோர்ஷாக்கும் சேர்ந்துகொண்டார்கள். குள்ளனின் நாயை வேற்றுக்கிரகத்தார் தூக்கிப் போய்விடுகிறார்கள். அவன் மீட்கப் போகிறான். முதல் பாதி பிரௌசரில் இலவசம். மறுபாதி வேண்டுமென்றால் காசு கொடுக்க வேண்டும். பாதிக் கதையில் நிறுத்துவது வாரப் பத்திரிகைத் தொடர்களுக்குத் தெரிந்த பழைய வித்தைதான். சுயேச்சை கேம் விழாவான ஐஜிஎஃப், 2007இல் சிறந்த பிரௌசர் கேமுக்கான விருதை இதற்கு வழங்கியது.

உலகம் முழுக்கப் பேர் வாங்கித் தந்தது 2009 அக்டோபரில் வெளிவந்த 'மெஷினேரியம்'. ஏழு பேர், மூன்று ஆண்டுகள், தங்கள் சொந்தச் சேமிப்பு. விளம்பரத்துக்கு ஒதுக்கிய தொகை 1,000 டாலர். அதே ஆண்டு ஐஜிஎஃப் விழாவில் காட்சிக் கலைக்கான விருது, கேம் கடைக்கு வரும் முன்பே கிடைத்திருந்தது. இதில் புகைப்படங்கள் இல்லை. அடால்ஃப் லாக்மன் கையால் வரைந்த துருப்பிடித்த ஒரு நகரம்தான் களம். குழாய்கள், கோபுரங்கள், எண்ணெய் கசியும் சுவர்கள் எல்லாமே சற்றுக் கோணலாக இருக்கும். நேர்க்கோடு போடத் தெரியாமல் அல்ல. மனிதர் கைபட்ட இடம் என்று தெரிய வேண்டும் என்பதற்காக.

நாயகன் யோசெஃப் ஒரு குட்டி ரோபோ. 'ரோபோ' என்ற சொல்லைத் தன் தம்பி காரெல் சாபெக்கின் நாடகத்துக்காக யோசித்துக் கொடுத்த ஓவியர் யோசெஃப் சாபெக்கின் நினைவாக வைத்த பெயர் இது. நகரத்துக்கு வெளியே குப்பைமேட்டில் உதிரி உதிரியாகக் கொட்டப்படுகிறான் யோசெஃப். கை, கால், உடம்பைத் தேடிப் பொருத்திக்கொள்வதுதான் முதல் வேலை. அடுத்து நகரத்துக்குள் நுழைய வேண்டும். பள்ளத்தின் குறுக்கே பாலம், அக்கரையில் காவலாளி. காவல் ரோபோக்களை மட்டும்தான் அவன் உள்ளே விடுகிறான். அவர்கள் தலையில் நீலத் தொப்பியும் அதன் உச்சியில் விளக்கும் இருக்கும். சுற்றுமுற்றும் தேடினால் சாலையில் வைக்கும் கூம்பு ஒன்று கிடைக்கிறது, நீலப் பெயின்ட் கிடைக்கிறது, பல்பு ஒன்றும் கிடைக்கிறது. கூம்பைப் பெயின்டில் முக்கி, நுனியில் பல்பைச் செருகித் தலையில் கவிழ்த்துக்கொண்டு போய் நின்றால் பாலம் இறங்குகிறது. 'மாறுவேடம் போடு' என்று யாரும் சொல்லவில்லை. பார்த்ததை வைத்து ஆடுபவரே அந்த முடிவுக்கு வந்தாக வேண்டும். அமானிடாவின் புதிர்களில் நல்லவை எல்லாம் இந்த வகை.

இன்னொரு விதி சிறியது, ஆனால் கேமின் தன்மையையே அது மாற்றிவிட்டது. யோசெஃபின் கைக்கு எட்டும் பொருளை மட்டும்தான் தொட முடியும். அவன் உடம்பை நீட்டி உயரமாகலாம், சுருக்கிக் குட்டையாகலாம். சமோரோஸ்டில் ஆடுபவரின் மவுஸ் திரை முழுக்கத் தாராளமாக உலாவியது. இங்கே ரோபோவின் உடம்புக்குள் புகுந்துதான் யோசிக்க வேண்டும். சிக்கிக்கொண்டவர்களுக்கு முழு விடையும் தரும் புத்தகம் ஒன்று கேமுக்குள்ளேயே உண்டு. அதைத் திறக்க ஒவ்வொரு முறையும் சலிப்பூட்டும் குட்டி விளையாட்டு ஒன்றை ஆடித் தீர்க்க வேண்டும். விடையைத் தரவும் வேண்டும், ஆனால் கூச்சப்படாமல் கேட்கவும் விடக் கூடாது என்ற எண்ணம்.

திருட்டுப் பிரதிகளைத் தடுக்கும் பூட்டு எதையும் மெஷினேரியத்தில் வைக்கவில்லை. விளையாடுபவர்களில் 85 முதல் 95 சதவீதம் பேர் காசு கொடுக்காதவர்கள் என்று நிறுவனமே கணக்கிட்டது. வழக்கு, மிரட்டல் என்று போகாமல் 2010 ஆகஸ்டில் 'பொது மன்னிப்பு' அறிவித்தது: 20 டாலர் கேமை 5 டாலருக்கு வாங்கிக்கொண்டு மனசாட்சியைச் சரிசெய்துகொள்ளலாம். நகைச்சுவையும் வியாபாரமும் கலந்த அந்த அறிவிப்புக்குக் கிடைத்த இலவச விளம்பரத்தை 1,000 டாலர் பட்ஜெட்டில் வாங்கியிருக்க முடியாது.

நிறுவனம் வளர்ந்த விதமும் கவனிக்கத் தக்கது. ஒரே பாணியை எல்லோர்மீதும் திணிக்காமல், தனித்தனி ஓவியர்களைச் சுற்றிச் சிறு குழுக்கள் அமைந்தன. யாரோமிர் ப்லாஹி 2012இல் 'போட்டானிகுலா' செய்தார். மரத்தின் கடைசி விதையைச் சிலந்திகளிடமிருந்து காப்பாற்றும் ஐந்து குட்டி உயிரினங்களின் கதை. இசை அமைத்த டிவிஏ என்ற இருவர் குழு, இல்லாத மொழிகளில் பாடும் வழக்கமுடையது. வசனமில்லாத கேமுக்கு இதைவிடப் பொருத்தம் அமையாது. அவ்வாண்டு ஐஜிஎஃபின் ஒலிக்கான விருதும் வந்தது. த்வோர்ஸ்கியின் 'சமோரோஸ்ட் 3' 2016இலும், ப்லாஹியின் 'சுச்செல்' 2018இலும் வந்தன. சுச்செலின் நாயகன் முதலில் கறுப்பு மயிர் உருண்டையாக இருந்தான். கறுப்பின மக்களைக் கேலி செய்த பழைய சித்திரங்களை அவன் உருவம் நினைவூட்டுகிறது என்ற விமர்சனம் எழுந்தது. நிறுவனம் அந்த ஆண்டு டிசம்பரிலேயே அவனை ஆரஞ்சு நிறத்துக்கு மாற்றியது. 'பில்கிரிம்ஸ்', 'கிரீக்ஸ்', 'ஹேப்பி கேம்' ஆகியவை அடுத்தடுத்து வந்தன. கடைசியாகச் சொன்னது பெயருக்கு நேர்மாறான திகில் விளையாட்டு. குழந்தைகளிடம் கொடுத்துவிடக் கூடாது.

இதற்கிடையில் இவர்கள் நின்றிருந்த தரையே நழுவியது. ஐஃபோன் ஃப்ளாஷை ஏற்கவில்லை. மின்சாரத்தைத் தின்கிறது, பாதுகாப்பு ஓட்டைகள் உள்ளன, ஒரே நிறுவனத்தின் பிடியில் இருக்கிறது என்று ஸ்டீவ் ஜாப்ஸ் 2010 ஏப்ரலில் வெளிப்படையாகவே எழுதினார். மெஷினேரியம் 2011இல் ஐபேடுக்கு மாறியது. மவுஸ் இருந்த இடத்தில் விரல் வந்ததால் கேமுக்கு அது நல்லதாகவே முடிந்தது. ஆனால் பிரௌசர் கேம்களுக்குத் தப்பிக்க வழியில்லை. ஃப்ளாஷைக் கைவிடப்போவதாக அடோபி 2017 ஜூலையில் அறிவித்தது. 2020 டிசம்பர் 31உடன் ஆதரவு நின்றது. 2021 ஜனவரி 12 முதல் ஃப்ளாஷ் கோப்புகள் ஓடுவதே தடுக்கப்பட்டது. இருபது ஆண்டுகளுக்கு மேலாகச் சேர்ந்திருந்த இணையக் கலையின் பெரும்பகுதி ஒரே நாளில் திறக்க முடியாததாகிவிட்டது. இன்டர்நெட் ஆர்க்கைவ் 2020 நவம்பரில் 'ரஃபிள்' என்ற மாற்று மென்பொருளின் துணையுடன் பழைய ஃப்ளாஷ் படைப்புகளை ஓட வைக்கத் தொடங்கியது. 'ஃப்ளாஷ்பாயின்ட்' என்ற தன்னார்வத் திட்டமும் பெருந்தொகையானவற்றைச் சேர்த்து வைத்திருக்கிறது. ஆனாலும் சொந்தக்காரர் யாரென்றே தெரியாமல் தொலைந்தவை ஏராளம்.

பிரௌசரில் இன்று புதிதாகச் செய்பவர்களுக்கு எச்டிஎம்எல்5, ஜாவாஸ்கிரிப்ட், வெப்ஜிஎல் ஆகியவை இருக்கின்றன. எவருக்கும் சொந்தமில்லாத பொதுத் தரங்கள் என்பதால் ஃப்ளாஷின் கதி இவற்றுக்கு அவ்வளவு எளிதில் நேராது. வரையத் தெரிந்தவர் தனியாக உட்கார்ந்து ஒரே கருவியில் எல்லாவற்றையும் முடிக்கும் அந்தச் சுலபம் மட்டும் இன்னும் முழுதாகத் திரும்பவில்லை.

முதல் சமோரோஸ்டை அமானிடா விட்டுவிடவில்லை. படத்தையும் ஒலியையும் புதுப்பித்து, ஃப்ளாஷ் தேவைப்படாத வடிவில் 'சமோரோஸ்ட் 1' என்ற பெயரில் 2021 மே மாதம் வெளியிட்டது. ஸ்டீம் தளத்தில் அதற்கு விலை இல்லை. ஆட விரும்புகிறவர்கள் விடைக் குறிப்புகளை இணையத்தில் தேடாமல், கண்ணில் படுவதையெல்லாம் ஒருமுறை தட்டிப் பார்ப்பது நல்லது. தவறாகத் தட்டினாலும் குள்ளனுக்கு உயிர் போகாது.